இரண்டு மேசைகளுக்கு ஒரே இணைப்பு

மாமனாரின் ஏற்றுமதி அலுவலகத்தில் இன்று எல்லா நாற்காலிகளும் இளைய மருமகளின் மேசையை நோக்கித் திரும்பியிருக்கின்றன. புதிய மோடத்தின் சிவப்பு விளக்குகள் கண்சிமிட்ட, வெளிநாட்டு வியாபாரியின் பதில் திரையில் வரிவரியாக இறங்குகிறது. நேற்றுவரை அத்தகைய பதில்கள் மூத்த மருமகளின் டெலக்ஸ் தந்தித் தட்டச்சில்தான் தடதடத்து வந்தன. அவள் காகிதத்தைக் கிழித்து நீட்டும்வரை மாமனார் தோளருகே காத்து நிற்பார். இப்போது அவர் நிற்பது ஓரகத்தியின் தோளருகே. "கெட்டிக்காரிம்மா நீ!" என்கிறார். மூத்தவளின் பார்வை தன் மேசைத் தொலைபேசிக்குப் போகிறது. டெலக்ஸுக்குத் தனிக் கம்பி; ஆனால் இரண்டு மேசைகளுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. ரிசீவரை யாராவது எடுத்தால் இணையம் அறுந்துவிடும் என்று காலையிலேயே எச்சரித்திருக்கிறார்கள். அவள் அதை ஓசைப்படாமல் எடுக்கிறாள். காதில் இரைச்சல் பாய்ந்து, சட்டென்று அடங்குகிறது. திரை அப்படியே உறைந்து நிற்கிறது. "ஐயோ, பாதியில நின்னுடுச்சே! அக்கா, போனை யாராச்சும் எடுத்தாங்களா?" "யாரு எடுக்கப்போறாங்க? உன் பெட்டிக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கும்." மாமனார் பெருமூச்சு விடுகிறார். "இதை நம்பி உக்காந்தா வியாபாரம் நடந்த மாதிரிதான். பெரியவளே, நீ டெலக்ஸ்லயே கேட்டுடும்மா." நாற்காலிகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்புகின்றன. "இதோ மாமா" என்று விரல்களை விசைகளின் மேல் வைக்கிறாள். மேசைக்கடியில், மடியில் கவிழ்ந்து கிடக்கும் ரிசீவரை மட்டும் அவள் இன்னும் திருப்பி வைக்கவில்லை.