மண்டியிட்ட ராஜா

“ஊரே பசியில கிடந்தப்போ தானியக் கிடங்குக்குத் தீ வெச்சது நீங்கதானே? ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தை போதும். சீக்கிரம்!”

வக்கீலாக நின்ற மாணவி மேஜையைத் தட்டினாள்.

எதிரே, கூண்டுக்குப் பதிலாகத் திருப்பிப் போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ராஜா நின்றான். அட்டைக் கிரீடம் காதுவரை இறங்கியிருந்தது.

“இ... இ... இல்...”

“இழுக்காதீங்க மகாராஜா! செத்தவங்கல்லாம் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

‘வரலாற்றில் அதிகாரம்’ என்ற பாடத்துக்காகப் பேராசிரியை ஏற்பாடு செய்திருந்த விசாரணை அது. எப்போதோ செத்துப்போன ஒரு ராஜாவை மாணவர்களே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். “வழக்கு உங்களோடது. நான் நடுவுல வாயைத் திறக்க மாட்டேன்” என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வக்கீல் வேஷத்துக்கு அவளை விட்டால் ஆளில்லை. வாயைத் திறந்தால் அருவிதான். ராஜா வேஷத்துக்கு யாரும் முன்வராததால் சீட்டுக் குலுக்கினார்கள். திக்கித் திக்கிப் பேசும் அந்த மாணவன் பெயர் விழுந்தது.

அவனால் சட்டென்று பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேள்விகளை அப்படித் தயார் செய்திருந்தாள்.

வீட்டிலிருந்தும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். கூட வேலை செய்பவரிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார்.

அப்பா பார்க்கிறார் என்றதும் அவளுக்கு இன்னும் வேகம் பிறந்தது.

“ஜனங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க! மண்டி போட்டுக் கேளுங்க!”

இது யாரும் எதிர்பார்க்காதது. பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுவதற்குள் அவன் மண்டி போட்டிருந்தான். கிரீடம் கழன்று உருண்டது.

“ம... ம... மன்... ம...”

சிரிப்பு வெடித்தது. யாரோ பின்னாலிருந்து “ம... ம...” என்று கன்றுக்குட்டி மாதிரி கத்திக் காட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். ஓங்கி ஓங்கி, உள்ளங்கை சிவக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் லேசாகத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் பேராசிரியை ராஜாவைப் பார்த்தார்.

“நீ ஏதாவது சொல்லணுமா? எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோப்பா. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க.”

அவன் எழுந்து கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தான். ‘இல்லை’ என்று தலையாட்டினான்.

தீர்ப்பு: ராஜா குற்றவாளி.

“சரி, அதிகாரம்னா என்னன்னு இப்போ புரிஞ்சுதா?” பேராசிரியை அவளிடம் கேட்டார்.

“புரிஞ்சுது மேடம். எதிர்ல நிக்கிறவன் வாயை அடைக்க முடியுதுல்ல, அதுதான் அதிகாரம். எல்லா ராஜாவும் அதைத்தான் செஞ்சிருக்காங்க.”

தோழிகள் கை தட்டினார்கள்.

வகுப்பு கலைந்த பிறகு குழாயடியில் அவன் முழங்கால் அழுக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்கு என்னவோ போல இருந்தது.

“மனசுல வெச்சுக்காதே. சும்மா நடிப்புதானே? நீயும் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.”

அவன் சிரித்தான். அவசரமில்லாமல் பேசினான்.

“கி... கிடங்கு எரிஞ்சப்போ எனக்கு ஏழு வயசு.”

“என்னது?”

“ராஜாவுக்கு. அப்போ நா... நாட்டை ஆண்டது அவரோட சித்தப்பா. தீ வெச்சது அவருதான். புத்தகத்துல அதே பக்கத்துல, கீ... கீழே இருக்கு.”

அவள் அந்தப் பக்கத்தின் பாதியோடு நிறுத்தியிருந்தாள். தனக்கு வேண்டியது கிடைத்ததும் புத்தகத்தை மூடியது ஞாபகம் வந்தது.

“இதைச் சொல்லியிருந்தா என் வழக்கே அங்கேயே புட்டுக்கிட்டிருக்குமே! மேடம் நேரம்கூடக் கொடுத்தாங்க. ஏன் சொல்லல?”

அவன் குழாயை மூடினான்.

“உ... உங்கப்பா எழுந்து நின்னு கை தட்டினாரு. அவ்வளவு சந்தோஷமா இருக்கிற மனுஷன் முன்னாடி எ... எப்படிச் சொல்றது?”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஒரே வாக்கியத்தில் அவளைச் சாய்த்திருக்கலாம். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டேதான் அவன் மண்டி போட்டிருக்கிறான். அவள் அவன் வாயை அடைக்கவே இல்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். ஏனோ முகத்தில் சிரிப்பில்லை. இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். அதற்கு மேல் அவளால் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

“அப்பா, நான் ஜெயிக்கல. தப்பு செஞ்சது அந்த ராஜாவே இல்ல. அவனுக்கு அது தெரியும்ப்பா. ஆனா நீங்க பெருமையா கை தட்டினதைப் பார்த்துட்டு, உங்க சந்தோஷம் கெட்டுடக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டான். நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன்.”

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேளும்மா. ஆனா நான் பெருமையில கை தட்டல. எல்லாரும் சிரிச்சீங்கல்ல, அந்தச் சத்தம் அந்தப் பையன் காதுல விழக் கூடாதுன்னுதான் தட்டினேன்.”