தெருவெல்லாம் வேப்பிலை

"கதவைத் தெறங்க. சீக்காளிய நான் பாக்கணும்."

வேப்பிலை செருகிய வாசலில் நின்று எதைக் கேட்கவே கூடாது என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் சாமிதுரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரோ, அதைத்தான் அம்புஜவல்லி கேட்டாள். அம்மை குத்தும் வேலையில் அவள் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"வூட்டுக்காரருக்கு ஆத்தா வந்திருக்கும்மா." ஆராயி நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். "வெளியாளு உள்ள வந்தா ஆத்தாளுக்கு ஆவாது."

விருத்தாசலத்தில் பீங்கான் கொட்டகைகளுக்குப் பின்னாலிருந்த அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை. உச்சிவேளையில் ஓர் ஆள் நடமாட்டமில்லை. மூடிய கதவுக்குள் ஓர் இருமல் ஓய்ந்தால், எதிர்வீட்டில் இன்னொன்று தொடங்கியது.

ஆராயி வீட்டு அடுப்பிலிருந்து கருவாடு வறுபடும் வாசனை வந்தது.

"தள்ளுங்க."

"நாலெழுத்து படிச்ச திமிரு."

"ஆமா. எங்க வம்சத்துலயே நான்தான் காலேஜு வாசப்படிய மிதிச்சவ. திமிரு இருக்கத்தான் செய்யும். ஆனா எங்க வூட்டுக்கும் ஆத்தா வந்திருக்கா. அப்ப கருவாடு வறுத்ததில்ல."

ஆராயியின் கை தானாக இறங்கியது.

உள்ளே கலியமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. புருவத்திலும் இமையிலும் மட்டும், பிணத்துக்குத் திருநீறு அப்பியது போல, கழுவியும் போகாத வெள்ளை. வாயைப் பொத்திய துண்டில் ரத்தம்.

"இது அம்மையா? கொட்டகையில பீங்கானுக்குக் கல்லு அரைக்கிற தூசி நெஞ்ச அடைச்சிருக்கு."

"தெருவே அங்கதாம்மா அரைக்குது," ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெளிய தெரிஞ்சா கொட்டகைய மூடிடுவாங்கன்னு மொதலாளி பயமுறுத்திட்டாரு. வேப்பிலை தொங்கினா எவனும் உள்ள வரமாட்டானாம்."

எதிர்வீட்டு இருமல் பாதியில் நின்றது. மறுபடி கேட்கவில்லை.

அம்புஜவல்லி பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"எல்லாரையும் கெளம்பச் சொல்லுங்க. கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். எங்க இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி ஜீப்பு கொண்டாறேன்."

வாசல் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்தாள் ஆராயி.

"அவருகிட்ட போவாதம்மா. வூடு வூடா வேப்பிலையக் கட்டிட்டுப் போனதே அவருதான்."