ஒரே ஒரு சிவப்பு கவுன்

"மேடம், ஒரே ஒரு சிவப்பு கவுன்! அவ்வளவுதான் கேக்கிறேன். உங்க காலைப் பிடிக்கட்டுமா?"

காலையிலிருந்து நின்றதில், இப்படிக் கெஞ்சிய சிதோனிக்குத்தான் கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாரீஸில் மேடம் ஒதீலின் தையல் கூடத்துக்கு அவள்தான் தலைமை. அறுபது பெண்கள் அவளை நம்பி ஊசி பிடிக்கிறார்கள்.

"கறுப்பு. இல்லேன்னா வெள்ளை. வேற பேச்சே வேண்டாம்" என்றார் மேடம், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடி.

பெண்களின் இடுப்பை இறுக்கிய கச்சையைக் கழற்றி எறியச் செய்தவர் அவர். சாவு வீட்டுக்கு என்றிருந்த கறுப்பை விருந்துக்கு உடுத்த வைத்தவரும் அவரே. சீமாட்டி முதல் டைப்பிஸ்ட் வரை, பத்து வருடமாக ஊரே அவர் சொன்னபடி கறுப்பில் திரிந்தது.

"ஊருக்குக் கறுப்பு சலிச்சுப் போச்சு மேடம். நாளைக்கு ஆடைக் காட்சியில சிவப்பு இல்லேன்னா, மொத்தமா வாங்க வர்ற சிகாகோ வியாபாரி வேற கடையைப் பார்த்துக்குவார். அப்புறம் இந்த அறுபது பேரையும் எந்த முகத்தோட நான் வீட்டுக்கு அனுப்புவேன்?"

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலுப்பில் சிதோனிக்கு வாய் மீறிவிட்டது.

"செத்தவரை நினைச்சு இன்னும் எத்தனை வருஷம் துக்கம் காப்பீங்க? போர் முடிஞ்சே பத்து வருஷமாச்சு!"

போரில் மடிந்த காதலனுக்காகத்தான் மேடம் நிறங்களைத் துறந்தார் என்று எழுதாத பத்திரிகை இல்லை. மேடமும் அதை மறுத்ததில்லை. சொன்ன பிறகு சிதோனி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் கோபப்படவில்லை. கண்ணைத் திறந்து சிதோனியைப் பார்த்தார்.

"அறுபது பேரு, இல்ல?" என்றார் கடைசியில். "சரி, சிவப்பே வெட்டுறேன். நீ உட்காருடி, உன் காலைப் பார்க்கச் சகிக்கல. துணியை நானே எடுத்துக்கிறேன்."

சிதோனிக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் மெல்ல எழுந்து, லியோன் நகரிலிருந்து வந்திருந்த பட்டுச் சுருள்களின் முன்னால் போய் நின்றார். ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்றை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு அதைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"ஏன் அப்படிப் பார்க்கிறே?" என்றார் மேடம். "இது... சிவப்புதானே?"

அவர் தோளில் கிடந்தது பச்சைப் பட்டு.