டிரம் மெஷினில் ஒரு கதவு

போன சண்டையில் மதிவதனி வாசல் கதவை அறைந்து சாத்திய சத்தம்தான் இப்போது அவள் கணவன் இளம்பரிதியின் டிரம் மெஷினில் தட்டினால் ஒலிக்கும் ஒரு பொத்தான். வீட்டில் எந்நேரமும் மைக்கைத் திறந்தே வைத்திருப்பான். குக்கர் விசிலையும் விடமாட்டான், தண்ணீர் லாரியையும் விடமாட்டான். கதவுச் சத்தத்தை வைத்து அவன் போட்ட பாட்டு ஊரெல்லாம் ஓடியது. ஷேர் ஆட்டோவிலும் மாவு மில்லிலும் அவள் கோபம் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டே இருந்தது. கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடினார்கள். கதவை அறைவதற்கு முன் அவள் கத்தியது மட்டும் அதில் இல்லை. அதை வெட்டிவிட்டான், வெட்கங்கெட்டவன்.

இன்று மறுபடியும் அதே சண்டை. "எங்கம்மா ஐசியூல கிடந்தப்போ ஒரு போன் பண்ணத் தோணலையே, நீயெல்லாம் மனுஷனா?" என்று கத்திவிட்டு, துணிப்பையோடு வெளியே வந்து கதவை அறைந்தாள். நிலையே அதிர்ந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போனோடு அவன் நின்றான். கண் பளபளத்தது.

"மதி, இன்னொரு தடவை அறையேன். லெவல் எகிறி, ரெக்கார்டிங்ல சத்தம் கிழிஞ்சிடுச்சு. இதே கோபத்தோட."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு, "சரி, போய் ஹெட்போனை மாட்டிக்கோ" என்றாள்.

அவன் உள்ளே ஓடினான். அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, கைக்குழந்தை தூங்குகிற அறையைச் சாத்துவதுபோலக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் நாக்குகூடச் சத்தம் போடவில்லை. படியில் கால் வைக்கப்போனவள் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.