நடுவரின் ஒரே கேள்வி

லில்லி அந்த நாடகத்தில் வரும் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கௌசல்யாவின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி அரங்கம். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கான விவாதப் போட்டி. கௌசல்யா பேராசிரியை, இரண்டு நடுவர்களில் ஒருத்தி.

நானூறு வருடப் பழைய நாடகம் ஒன்றில், கடனுக்கு ஈடாக வணிகனின் சதையைக் கேட்ட வட்டிக்காரனுக்கு நீதிமன்றம் தந்த தீர்ப்பு நியாயமா? இதுதான் தலைப்பு.

நியாயம் என்றான் ஸ்ரேயாஸ். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவனை உயிரோடு விட்டதே பெரிய கருணை என்றான். கணீரென்ற குரல். நல்ல கைதட்டல்.

இல்லை என்றாள் லில்லி. மதத்தைச் சொல்லிச் சொல்லி அந்த வட்டிக்காரன் முகத்தில் துப்பியவர்கள்தான் அந்த நீதிமன்றம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சொத்தைப் பிடுங்கி, மதத்தையும் மாற்ற வைத்து, அதற்குக் கருணை என்று பெயர் வைத்தார்கள். நாடகம் வெறுப்பைக் காட்டுகிறதா, வளர்க்கிறதா என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது என்றாள்.

அவனுடைய மகள். அவள் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய், மதம் மாறி, பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அப்பன் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நின்றபோது அவள் அங்கே இல்லை.

நான் அவளைக் குறை சொல்லவில்லை என்றாள் லில்லி. ஊர் ஒரு வீட்டை வெறுத்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளே பெற்றவர்களைப் பார்த்துக் கூச ஆரம்பித்துவிடுவார்கள். தண்டனை முதலில் விழுந்தது அந்த மகள்மேல்தான். அது அவளுக்கே தெரியாது.

கைதட்டல் கூரையைத் தொட்டது.

கடைசி வரிசையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். லில்லியின் அப்பா இளங்கோவன். ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் மகளோடு உள்ளே நுழைந்தபோதே கௌசல்யா அவரைப் பார்த்திருந்தாள்.

"பின்னிடுச்சு மேடம் இந்தப் பொண்ணு" என்று காதோரம் சொன்னார் பக்கத்திலிருந்த நடுவர் சிவராஜ்.

ஜெயிக்கிறவரின் அப்பா அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்துவார் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் சின்ன காஞ்சிபுரம் பட்டுக்கடை பூவராகவன். கௌசல்யாவின் கணவர். முன்வரிசையில் உட்கார்ந்து அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நடுவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். சிவராஜ் கேட்கவில்லை.

கௌசல்யா மைக்கை இழுத்தாள்.

தீர்ப்பு என்பதற்கு நீ ஒரு ஆங்கில வார்த்தை சொன்னாயே, அதை இன்னொரு தடவை சொல் என்றாள்.

"ஜட்ஜிமென்ட்" என்றாள் லில்லி.

இன்னொரு தடவை.

லில்லி சொன்னாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"திரும்பவும்."

மூன்றாவது தடவை அரங்கமே சிரித்தது. எங்கே தப்பு என்று தெரியாமல், சிரிப்பவர்களைப் பார்த்து லில்லியும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் அவள் கண்கள் கடைசி வரிசையைத் தேடின.

"அந்தப் பையனும் அப்படித்தான் மேடம் சொன்னான்" என்றார் சிவராஜ், மெதுவாக.

கௌசல்யா லில்லியின் பெயருக்கு நேரே, உச்சரிப்புக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

ஸ்ரேயாஸ் ஜெயித்தான். அவனுடைய அப்பா நேமிநாதன் மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டார். நன்றியுரைக்கு முன்னால் கௌசல்யா வெறுப்பையும் நீதியையும் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். அழகாகப் பேசினாள். நிறைய பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்து வராந்தாவுக்கு வந்தபோது இளங்கோவன் மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எதிரே வந்தார். லில்லியின் கண்கள் சிவந்திருந்தன.

கௌசல்யாவின் கால்கள் நின்றுவிட்டன. பக்கத்தில் கணவர். பின்னால் சிவராஜ்.

"மேடம், பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சுன்னு சொன்னீங்கன்னா அடுத்த வாட்டி திருத்திக்கும்" என்றார் இளங்கோவன்.

"உச்சரிப்புங்க. வீட்ல நல்ல இங்கிலீஷ் காதுல விழணும்."

இளங்கோவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். வாம்மா, போலாம்."

அவர்கள் நாலு எட்டு போயிருப்பார்கள்.

"யாரு, தெரிஞ்சவரா?" என்றார் பூவராகவன்.

"இல்லீங்க. யாரோ ஆட்டோக்காரரு."

கேட்கும் தூரம்தான். இளங்கோவன் திரும்பவில்லை. மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தனக்குச் சொந்தபந்தம் யாருமே இல்லை என்று சொல்லித்தான் கௌசல்யா பூவராகவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கும் இளங்கோவன் வந்திருந்தான். மண்டபத்துக்கு எதிரே ஒரு டீக்கடை ஓரமாக நின்று, கெட்டிமேளம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, அக்காவின் கல்யாணத்தில் ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டான்.