பொட்டு வைத்த பட்டன்

மணப்பாறை முறுக்குக் கம்பெனி வாசலில் அரசின் பாதுகாப்பு வார பேனர் படபடக்கிறது. உள்ளே மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. “ஆபத்துன்னா இதை எப்படி நிறுத்துவீங்க? செஞ்சு காட்டுங்கம்மா,” என்கிறார் தொழிற்சாலை ஆய்வாளர். மெஷினில் வேலை செய்யும் சகாயராணி சிவப்பு பட்டனை நெருங்குகிறாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் கலையாமல் காய்ந்திருக்கின்றன. அமுக்குகிறாள். சந்தனம் பொருக்காக உதிர்கிறது. மெஷின் நிற்கவில்லை. மறுபடியும் அமுக்குகிறாள். மாவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைதட்டத் தயாராக நின்றவர்கள் முதலாளியைப் பார்க்கிறார்கள். “இது இருக்குங்கிற தைரியத்துலதான் சார், தினமும் உள்ள கைய விட்டு மாவு வழிக்கிறேன்,” என்கிறாள் சகாயராணி. மாவு படிந்த வலது கையை இடது கை இறுகப் பிடித்திருக்கிறது.