தேக்கிலைப் பொட்டலம்

பாறைமேல் இருந்த தேக்கிலைப் பொட்டலத்தை அம்சவல்லி சட்டென்று எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த மாமியார் மங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"யாருடி அவன்?"

வீட்டுக்கு விலக்கான பெண்கள் ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் இருப்பது அந்த மலையூர் வழக்கம். களியும் தண்ணீரும் பாறைமேல் வைப்பார்கள். வைத்தவர் விலகிப் போனபின் எடுத்துக்கொள்ள வேண்டும். மங்கம்மாளால் கிட்டே போய்ப் பிடுங்க முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"சத்தியமா தெரியலத்தே. மூணு மாசமா, நான் இங்க வர்றப்பல்லாம் விடிகாலையில யாரோ வெச்சுட்டுப் போறாங்க."

"யாரோ வெச்சா நீ துன்னுடுவியா?"

"துன்னுட்டு செத்தா போய்ட்டேன்?"

"வாயப் பாரு! அரக்குத் துணியக் கிழிச்சுக் கட்டிக்கீதே, எவன் தலப்பாத் துணிடி அது? உள்ள இன்னா?"

"சுவரொட்டி."

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊற அதைத் தணலில் சுட்டுத் தின்பார்கள். அம்மை குத்த மலையேறி வந்த நர்சம்மாதான், சுற்றூர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்சவல்லியின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ள வெளேர்னு இருக்கும்மா. மாசாமாசம் வலியில சுருண்டு கெடந்து, இவ்ளோ ரத்தமும் போனா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? முட்ட, முருங்கக்கீர, சுவரொட்டி குடுங்க. ரத்தம் ஊறட்டும், வேலூர்ல காட்டலாம். வலிக்கு வைத்தியம் இருக்கு. கொழந்தைக்கும் வழி பொறக்கும்."

மங்கம்மாள் முட்டை தேடவில்லை. மகனுக்கு வேறு பெண் தேடினாள். கீழூர் ஆட்டுக்கார ரங்கன் மகள் பாஞ்சாலை அமைந்தாள். தை பிறந்தால் கல்யாணம்.

மகன் கோபால்சாமி மறுத்துப் பேசவில்லை. செங்கம் சந்தைக்குப் போய் அரக்குக் கரை போட்ட பரிசச் சேலையும் எடுத்துப் பாஞ்சாலை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்சவல்லியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

இப்போது பொட்டலச் சேதி கேட்டதும் தூக்கமும் போயிற்று. அரிவாளை எடுத்தான், வைத்தான், மறுபடியும் எடுத்தான்.

எவனோ ஒருத்தன் அவளுக்காக இந்தக் குளிரில் மேடேறி வருகிறான். கட்டினவன் ஒரு முட்டைகூட வாங்கித் தரவில்லை. இரண்டில் எது அதிகமாகச் சுட்டது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் விடியும் நேரம், குடிசைக்கு எதிரே புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றான். உட்கார்ந்தான், எழுந்தான், மரத்தைச் சுற்றி நடந்தான். பனிக்குள் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது.

தலையோடு கம்பளி போர்த்திய ஓர் உருவம் மேடேறி வந்தது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குனிந்து, பாறைமேல் பொட்டலத்தை வைத்தது.

"எவன்டா அவன்!"

அரிவாளை ஓங்கியபடி பாய்ந்து கம்பளியைப் பிடித்து இழுத்தான். உள்ளே இருந்தவள் பாஞ்சாலை.

ஓங்கிய கை தானாக இறங்கியது. சத்தம் கேட்டு அம்சவல்லியும் குடிசை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நீயா? நீ எதுக்கு இவளுக்கு..." என்று கோபால்சாமி தடுமாறினான்.

பாஞ்சாலை அவன் பக்கமே திரும்பவில்லை. அம்சவல்லியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, தைக்குள்ள தேறிடுக்கா. இல்லாட்டி இந்தாள எனக்குக் கட்டி வெச்சுடுவாங்க!"